பெயர் சொல்லி அழைத்த பாட்டு: வூடி கத்ரி என்னும் மக்கட் பாடகர்

(கிராம வாசிகசாலை ஒன்றின் ஆண்டு விழாவில் நிகழ்த்தப்பட்ட சொற்பொழிவு)



இவ்விழாவில் ஒரு பாடகரைப் பற்றிப் பேசுமாறு என்னைப் பணித்தீர்கள். நான் தெரிந்தெடுத்த பாடகர் நம்மவரல்லர். நம் மொழி அறிந்தவருமல்லர். அமெரிக்காவின் நடுப்பகுதியிற் பிறந்து, கிற்றார் ஒன்றைத் தோளில் மாட்டிக்கொண்டு, புகையிரதச் சரக்கு வண்டிகளிலும் நெடுஞ்சாலைகளிலும் அலைந்து பாடியவர். வூடி கத்ரி என்பது அவர் பெயர்.

'மாரி பொய்த்து, கடன் ஏறிக் கிடக்கும் வேளையிலே பாட்டு எதற்கு?' என்று இங்கு வந்திருக்கும் கமக்காரர் கேட்கலாம். 'நாட்டுப் பாடல் கல்லாதார் பொழுதுபோக்கு அல்லவா?' என்று உத்தியோகம் பார்க்கும் அன்பர் சிலர் நினைக்கலாம். இரண்டுக்கும் நான் வாதத்தால் விடை கூறப் போவதில்லை. ஒரு கல்லறையைக் காட்டி விடை கூறுகிறேன்.

கலிபோர்னியா மாநிலத்தில் பிரெஸ்னோ என்றொரு நகரம் உண்டு. சுற்றிலும் பழத் தோட்டங்கள். அந்நகரத்து மயானம் ஒன்றில், 1948ஆம் ஆண்டு, விமான விபத்தில் இறந்த 28 பேரை ஒரே இடத்தில் அடக்கம் செய்தார்கள். அவர்கள் மெக்சிக்கோ நாட்டிலிருந்து தோட்ட வேலைக்கு வந்த தொழிலாளர். கல்லறைக் குறிப்பில் எண்ணிக்கை இருந்தது. நாட்டின் பெயர் இருந்தது. இறந்தவர் ஒருவரின் பெயரேனும் இல்லை. 65 ஆண்டுகள் அப்படியே கிடந்தது. ஆயினும் அந்த 28 பேரை உலகம் மறக்கவில்லை. காரணம், ஒரு பாட்டு. அதனை எழுதியவர் வூடி கத்ரி.

ஒரு மனிதனுக்கு அப்படியொரு பாட்டு எழுதும் மனம் எவ்வாறு வந்தது? அதைத்தான் இன்று உங்களோடு சேர்ந்து ஆராய விரும்புகிறேன்.

பிறந்த ஊர்

1912ஆம் ஆண்டு ஜூலை மாதம் 14ஆம் திகதி ஒக்லஹோமா மாநிலத்தில் ஒக்கீமா என்ற சிற்றூரில் அவர் பிறந்தார். தந்தையார் காணி வாங்கி விற்பவர். உள்ளூர் அரசியலில் ஈடுபட்டவர். அவ்வாண்டு ஜனாதிபதித் தேர்தலில் நின்ற வூட்ரோ வில்சனின் பெயரையே மகனுக்கு இட்டார். அதன் சுருக்கமே வூடி என்பது.

குடும்பத்தில் இடி மேல் இடி விழுந்தது. 1919இல் மூத்த சகோதரி தீக்காயம்பட்டு இறந்தாள். தந்தையின் செல்வம் கரைந்தது. தாயாருக்குக் கைகால்கள் கட்டுக்கடங்காது அசையும் விசித்திர நோய் ஒன்று வந்தது, மனநிலையும் மாறிற்று. ஊரார் அவரைப் பைத்தியம் என்றனர். மனநோய் மருத்துவமனையில் வைக்கப்பட்ட அவர் 1930இல் அங்கேயே கண்மூடினார். பழைய கதைப்பாட்டுகளைச் சிறுவனுக்குப் பாடிக் காட்டியவர் அந்தத் தாயே என்பதை நாம் நினைவிற் கொள்ளவேண்டும்.

அவ்வூருக்கு ஒரு கறையும் உண்டு. வூடி பிறப்பதற்கு ஓராண்டு முன்னர், 1911ஆம் ஆண்டு மே மாதத்தில், கறுப்பினத் தாய் ஒருத்தியையும் அவளுடைய மகனையும் வெள்ளையர் கும்பலொன்று சிறையிலிருந்து இழுத்துச் சென்று, ஊருக்கு அருகேயுள்ள ஆற்றுப் பாலத்திலே தூக்கிலிட்டது. அத்தகைய ஊரிலே வெள்ளைக்காரப் பிள்ளையாகப் பிறந்தவர்தாம், பின்னாளில் அந்தத் தாயையும் மகனையும் பற்றி ஒன்றுக்கு மேற்பட்ட பாட்டுகள் எழுதினார். பிறந்த ஊரின் பெருமையைப் பாடுவது எளிது. பிறந்த ஊரின் பாவத்தைப் பாடுவதற்கு நெஞ்சுரம் வேண்டும்.

புழுதி எழுந்த காலம்

1929இல் அவர் ரெக்ஸஸ் மாநிலத்தின் வடபகுதியிலுள்ள பம்பா என்ற ஊருக்குச் சென்றார். அங்கேதான் புழுதியைக் கண்டார். கமக்காரர்களே, இந்தப் பகுதியைச் சற்றுக் கூர்ந்து கேளுங்கள்.

அமெரிக்காவின் நடுச் சமவெளிகள் இயற்கையிலே புல்வெளிகள். ஆழ வேரோடிய புல், மழை குறைந்த அந்நிலத்து மண்ணைப் பல்லாயிரம் ஆண்டுகளாகப் பிடித்து வைத்திருந்தது. முதலாவது உலக யுத்தத்தின்போது கோதுமை விலை புசலுக்கு 2 டொலருக்கு மேல் ஏறிற்று. 'கோதுமை விதையுங்கள்' என்று அரசும் தூண்டிற்று. உழவு இயந்திரங்கள் வந்தன. புல்வெளி புரட்டப்பட்டது. யுத்தம் முடிந்து விலை விழுந்தபோது, கடனைக் கட்டுவதற்காக இன்னும் அதிக நிலத்தை உழுதார்கள். 1930ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் விலை புசலுக்கு 50 சதத்துக்கும் கீழே போயிற்று. அந்த வேளையிலே மழையும் பொய்த்தது. பயிர் காய்ந்தது, புல்லும் இல்லை, காற்று வந்தது, மண் எழுந்து பறந்தது.

1934ஆம் ஆண்டு மே மாதத்தில் எழுந்த புழுதி நாட்டின் கிழக்குக் கரையிலிருந்த நகரங்களையும் சென்று மூடிற்று. 1935ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதம் 14ஆம் திகதி, ஞாயிற்றுக்கிழமை, வானளாவிய கரும்புழுதிச் சுவரொன்று சமவெளிகள்மீது நகர்ந்து வந்து பட்டப்பகலை இரவாக்கிற்று. 'கருப்பு ஞாயிறு' என்று அந்நாளை இன்றும் அழைக்கிறார்கள். உலகம் முடிந்துவிட்டது என்று எண்ணிப் பம்பாவில் மக்கள் ஒருவருக்கொருவர் விடை கூறிக்கொண்டனராம். அந்த விடைபெறலையே வூடி ஒரு பாட்டாக்கினார். ஓலமிடும் பாட்டன்று அது. ஊர் மாந்தர் மூச்சுமுட்டும் வேளையிலும் ஒருவரோடொருவர் பேசிய பேச்சை நகைச்சுவையோடு எடுத்துரைக்கும் பாட்டு. துயரத்தைத் தாங்குபவன் சில வேளைகளிற் சிரிப்பான். அதனை அறியாதவன் நாட்டுப்பாடல் எழுத முடியாது.

எல்லையில் நிறுத்தப்பட்டவர்கள்

நிலம் போயிற்று; வீடு வங்கிக்குப் போயிற்று. கமக்காரரும் கூலியாட்களும் பழைய மோட்டார் வண்டிகளில் அடுப்பையும் படுக்கையையும் கட்டிக்கொண்டு மேற்கே கலிபோர்னியாவை நோக்கிப் புறப்பட்டார்கள். சொந்த நாட்டுக்குள்ளேயே அகதிகளானார்கள். அவர்களுக்கு என்ன வரவேற்பு? 1936ஆம் ஆண்டு பெப்ரவரி மாதத்தில் லொஸ் ஏஞ்சல்ஸ் நகரப் பொலிஸ் தலைவர் 136 பொலிஸாரை மாநில எல்லைகளுக்கு அனுப்பி, கையிற் காசில்லாதவர்களைத் திருப்பி அனுப்பச் செய்தார். ஒரு நாட்டின் பிரசை அந்நாட்டின் இன்னொரு மாநிலத்துக்குள் நுழையக் காசு காட்டவேண்டியிருந்தது! ஏழையென்ற காரணத்தால் எல்லையில் ஒருவரைத் தடுக்க முடியாது என்று அந்நாட்டு உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது 1941இலேதான்.

வந்தவர்களுக்குக் கலிபோர்னியர் ஒரு பட்டப்பெயர் வைத்தார்கள்: 'ஓக்கி'. ஒக்லஹோமாக்காரன் என்பதன் சுருக்கந்தான். ஆனால், அவர்கள் வாயில் அது அழுக்கன், சோம்பேறி, திருடன் என்று பொருள்பட்டது. அன்பர்களே, இங்கே கவனியுங்கள். ஒரு கூட்டத்தாரை ஒடுக்க நினைப்பவர் முதலிற் செய்யும் காரியம், அவர்களுடைய தனிப்பெயர்களை அழித்து, எல்லோருக்கும் சேர்த்து ஒரே பெயரைச் சூட்டுவதாகும். பெயர் போனால் முகம் போகும். முகம் போனால் இரக்கமும் போகும்.

வூடியும் ஓர் ஓக்கிதான். 1937இல் அவருக்கு லொஸ் ஏஞ்சல்ஸ் வானொலி நிலையமொன்றிற் பாடும் வாய்ப்புக் கிடைத்தது. கூடாரங்களிலும் வாய்க்காலோரங்களிலும் கிடந்த மக்கள் தங்கள் ஊர்ப் பேச்சிலே தங்கள் கதையைக் கேட்டார்கள். எல்லையில் காசு கேட்ட பொலிஸாரைப் பற்றி அவர் கேலியாகப் பாடினார். 1940இல் புழுதிக் காலப் பாட்டுகள் இசைத்தட்டுத் தொகுதியாக வெளிவந்தன. ஜோன் ஸ்ரைன்பெக் 1939இல் வெளியிட்ட நாவலின் கதையை, நூல் வாங்கக் காசில்லாத தம் மக்களும் அறியவேண்டுமென்று, நீண்ட கதைப்பாட்டாக்கி இசைத்தட்டின் இரு பக்கங்களிலும் பாடினார்.

அவருடைய முறை மிக எளியது. பெரும்பாலும் புது மெட்டுத் தேடமாட்டார். தேவாலயங்களிலும் அடுப்படிகளிலும் மக்கள் ஏற்கெனவே அறிந்திருந்த பழைய மெட்டை எடுத்துக்கொள்வார். அதில் அன்றைய செய்தியை வைப்பார். கும்மி மெட்டிலும் காவடிச் சிந்து மெட்டிலும் புதுச் சேதி சொல்லிப் பழகிய நமக்கு இது வியப்பன்று. மெட்டுப் பழகியதாகையால் பாட்டு ஒரே கேட்பில் மனத்தில் தங்கும். வாசிக்கத் தெரியாதவரும் ஏந்திச் செல்வர். இவ்வாறு அவர் எழுதிய பாட்டுகள் 3,000க்கு மேல். அவற்றுட் பல மெட்டில்லாமலே ஏட்டிற் கிடந்தன.

தவறு திருத்திய பாடகர்

அவர் குறையற்றவரல்லர். மனைவி மக்களை விட்டு அடிக்கடி ஊர் சுற்றப் புறப்பட்டுவிடுவார். அவர்கள் பட்ட இன்னல் சிறிதன்று. பொதுவுடைமைக் கட்சியின் பத்திரிகைக்குப் பத்தி எழுதினார். யுத்தம் பற்றிய அக்கட்சியின் நிலை 1941இல் மாறியபோது அவருடைய பாட்டும் உடன் மாறிற்று. அதனை மறைப்பது நேர்மையன்று. பின்னர் அவர் வர்த்தகக் கப்பலில் ஊழியராகச் சேர்ந்து யுத்தக் கடலிற் பயணஞ் செய்ததும் உண்மை.

ஆயின் ஒரு நிகழ்ச்சியை நான் பெரிதாகக் கருதுகிறேன். 1937இல் வானொலியில் அவர் ஒரு பழைய பாட்டைப் பாடினார். அதன் தலைப்பிலே கறுப்பின மக்களை இழிவு செய்யும் சொல் இருந்தது. அவர் வளர்ந்த ஊரில் அது அன்றாடச் சொல். அவர் அதைப் பற்றிச் சிந்தித்ததில்லை. கறுப்பின இளைஞர் ஒருவர், அச்சொல் தம் மனத்தைப் புண்படுத்தியதென்று கடிதம் எழுதினார். வூடி அக்கடிதத்தை வானொலியிலேயே வாசித்தார், வருத்தந் தெரிவித்தார், அச்சொல்லை விட்டார். அதன்பின் கறுப்பினப் பாடகரோடு ஒரே மேடையில், ஒரே வீட்டில், ஒரே மேசையில் இருந்து வாழ்ந்தார்.

மனச்சாட்சி பிறப்போடு வருவதென்று நாம் எண்ணுகிறோம். அது கற்றுக்கொள்ளப்படுவது என்பதற்கு இது சான்று. தன் மக்களை ஓக்கி என்று பிறர் அழைத்தபோது எரிந்த மனம், தான் பிறரை அழைத்த பெயரையும் எண்ணி எரிந்தது. தன் இனத்துக்கு நேர்ந்த அவமானத்தைக் கண்டு குமுறுவது இயல்பு. அதே அளவுகோலைத் தன்மீதும் வைத்துப் பார்ப்பதே அறம்.

விடுபட்ட அடிகள்

அவருடைய புகழ் மிக்க பாட்டு 'திஸ் லாண்ட் இஸ் யுவர் லாண்ட்' என்பது. அமெரிக்கப் பாடசாலைப் பிள்ளைகள் அறியாத பாட்டன்று. இர்விங் பேர்லின் இயற்றிய தேசபக்திப் பாட்டொன்று அக்காலத்தில் வானொலியில் ஓயாது ஒலித்தது. கடவுளின் ஆசியை நாட்டுக்கு வேண்டும் பாட்டு அது. பசித்த மக்களை வழிநெடுகக் கண்டு வந்த வூடிக்கு அது சலிப்பூட்டிற்று. 1940ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம் 23ஆம் திகதி, நியூயோர்க் நகரத்தில் மலிவான விடுதி ஒன்றில் இருந்து, மறுமொழியாகத் தம் பாட்டை எழுதினார்.

மலையும் ஆறும் காடும் கடலும் எல்லோர்க்கும் உரியன என்ற அடிகளைப் பாடநூல்கள் ஏற்றுக்கொண்டன. ஆனால் அவர் வேறு அடிகளும் எழுதியிருந்தார். 'தனியார் சொத்து' என்ற அறிவிப்புப் பலகை வழியை மறிப்பதைப் பற்றி ஒன்று. தேவாலயத்தின் நிழலிலே, நிவாரண அலுவலகத்தின் முன்னே பசியோடு வரிசையில் நிற்கும் மக்களைக் கண்டு, இந்த நாடு இவர்களுக்கும் உரியதுதானா என்று ஐயுறுவது இன்னொன்று. இவ்வடிகள் பாடநூல்களில் இடம்பெறவில்லை. 1944இல் மோசஸ் ஆஷ் என்பவரின் கூடத்திலே தனியார் சொத்து அடியோடு பாடிப் பதிவு செய்த வடிவமும் பல பத்தாண்டுகள் வெளிவராது கிடந்தது.

புகழ்பெற்ற பாட்டை ஆட்சியாளர் தடை செய்யவேண்டியதில்லை. முள்ளை மட்டும் நீக்கிப் பூவை எல்லோர் கையிலும் கொடுத்துவிட்டாற் போதும். இதனை உணர்ந்த அவருடைய நண்பர் பீற் சீகர் அவ்வடிகளை விடாது பாடிவந்தார். 2009ஆம் ஆண்டு ஜனவரி மாதம் 18ஆம் திகதி, பராக் ஒபாமா பதவியேற்பதற்கு இரண்டு நாள் முன்பு, லிங்கன் நினைவு மண்டபத்தின் படிகளிலே, 89 வயதான சீகர் அவ்வடிகளையும் சேர்த்துப் பல இலட்சம் மக்களைப் பாட வைத்தார். எழுதி 69 ஆண்டுகளுக்குப் பின்னர் பாட்டு முழுமையாக அரச மேடை ஏறிற்று.

ஆற்றைப் பாடியதும், பாடாமல் விட்டதும்

1941இல் மத்திய அரசின் மின்விநியோக நிறுவனமொன்று அவரை ஒரு மாதத்துக்கு வேலைக்கு அமர்த்திற்று. வடமேற்கிலே கொலம்பியா ஆற்றை மறித்து எழுந்த அணைகளைப் பற்றிப் பாட்டெழுதுவது வேலை. சம்பளம் 266 டொலர் 66 சதம். 30 நாளில் 26 பாட்டு எழுதினார். அரசாங்கக் கூலிக்குப் பாடினாரா என்று கேட்கலாம். அவர் தம் மனத்துக்கு மாறாகப் பாடவில்லை. புழுதியில் நிலம் இழந்தவருக்கு நீர்ப்பாசனம் வரும், தனியார் கம்பனிகள் மின்கம்பி இழுக்க மறுத்த பண்ணைவீட்டிலே விளக்கெரியும் என்று மெய்யாகவே நம்பினார். அணைகளால் நிலம் விளைந்ததும் வீடுகள் ஒளி பெற்றதும் உண்மை.

ஆனால், இன்று நாம் மற்றப் பக்கத்தையும் அறிவோம். கிராண்ட் கூலீ அணையின் நீர் ஏறியபோது, ஆதிக்குடிகள் தலைமுறை தலைமுறையாகச் சமன் மீன் பிடித்த கெற்றில் நீர்வீழ்ச்சி மூழ்கிற்று. மீன் ஏறிச் செல்ல அந்த அணையில் வழி வைக்கப்படவில்லை. மேலாற்றில் மீன் இனம் அற்றது. நீர் ஏறுமுன் 1940ஆம் ஆண்டு ஜூன் மாதத்திலே அம்மக்கள் அங்கு கூடி அழுது விடைபெற்றார்கள். அந்த அழுகை வூடியின் 26 பாட்டுகளிலே கேட்கவில்லை. ஏழைக்காகப் பாடியவரும் எல்லா ஏழையையும் காணவில்லை. திட்டம் தீட்டும் பொறியியலாளரும் அதை வாழ்த்தும் புலவரும் இதை நினைவில் வைத்தல் நன்று: எவருக்கு நீர் வருகிறது என்று கேட்கும்போதே, எவருடைய ஊர் நீருக்குள் போகிறது என்றும் கேட்கவேண்டும்.

28 பேர்

இனி அந்தக் கல்லறைக்குத் திரும்புவோம். 1948ஆம் ஆண்டு ஜனவரி மாதம் 28ஆம் திகதி, ஒக்லண்ட் நகரிலிருந்து மெக்சிக்கோ எல்லையை நோக்கிப் புறப்பட்ட விமானம், பிரெஸ்னோ மாவட்டத்து லொஸ் கட்டோஸ் பள்ளத்தாக்கிலே தீப்பற்றி வீழ்ந்தது. அதிலிருந்த 32 பேரும் மாண்டனர். நால்வர் அமெரிக்கர்: விமான ஊழியர் மூவர், குடிவரவுக் காவலர் ஒருவர். ஏனைய 28 பேரும் திருப்பி அனுப்பப்பட்ட மெக்சிக்கோத் தொழிலாளர்.

யுத்தகாலத்தில் ஆட்பஞ்சம் வந்தபோது, 1942இல், அமெரிக்க அரசே மெக்சிக்கோவோடு உடன்படிக்கை செய்து தோட்டங்களுக்கு ஆட்களை வரவழைத்தது. அறுவடைக்கு அழைப்பார்கள், ஒப்பந்தம் முடிந்ததும் அனுப்பிவிடுவார்கள். பத்திரமில்லாமல் வந்தவர்களும் உண்டு. தோட்டக்காரர் அவர்களையும் வேலைக்கு வைப்பார். வேலை தீர்ந்ததும் அரசு பிடித்தனுப்பும். பழம் வேண்டும், பறித்த கை வேண்டாம்!

நியூயோர்க்கில் இருந்த வூடி, இவ்விபத்துச் செய்தியை அறிந்தார். அவரை எட்டிய செய்தியில் அந்நால்வரின் பெயர்கள் இருந்தன. ஏனையோர் 'நாடு கடத்தப்பட்டோர்' என்ற ஒரே சொல்லில் அடங்கிவிட்டனர். 'ஓக்கி' என்ற சொல்லின் சூட்டை அறிந்த காதில் இச்சொல் எவ்வாறு விழுந்திருக்கும்! உடனே எழுதினார். 'நாடு கடத்தப்பட்டவர்' என்ற பொருள்படும் ஆங்கிலச் சொல்லையே பாட்டின் தலைப்பாக்கினார். விலை விழாதிருக்கப் பழத்தைக் குவித்து அழுகவிடும் வணிகத்தையும், அப்பழத்தைப் பறித்தவரைக் குவியலாக அனுப்பும் அரசையும் அருகருகே நிறுத்தினார். இறந்தோரின் பெயரை அவர் அறியார். ஆகவே அவர்களுடைய மொழியில் வழங்கும் சாதாரணப் பெயர்கள் சிலவற்றைத் தாமே இட்டு, நண்பரை வழியனுப்புவது போல் விடை கொடுத்தார். மெட்டு அவருடையதன்று. ஏறக்குறையப் பத்தாண்டுகளுக்குப் பின் மாட்டின் ஹொவ்மன் என்ற இளைஞர் மெட்டமைத்தார், சீகர் பாடினார், பின்னர் எத்தனையோ பேர் பாடினர்.

பாட்டு அந்த 28 பேருக்கும் உண்மைப் பெயரைக் கொடுக்கவில்லை. ஆனால் 'பெயர் எங்கே?' என்ற கேள்வியை உயிரோடு வைத்திருந்தது. அக்கேள்வி டிம் ஹெர்னாண்டஸ் என்ற எழுத்தாளரின் மனத்திலே தைத்தது. பழைய பதிவேடுகளைத் துருவினார், உறவினரைத் தேடினார். பிழையாக எழுதப்பட்ட பெயர்கள் ஒவ்வொன்றாகத் திருத்தப்பட்டன. 2013ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதம் 2ஆம் திகதி, அந்நாட்டுத் தொழிலாளர் தினத்தன்று, 28 பெயர்களும் பொறித்த கல் அக்கல்லறையிலே திறந்துவைக்கப்பட்டது.

அத்தேடலில் ஒரு சிறிய செய்தி வெளிப்பட்டது. பிரெஸ்னோவில் ஸ்பானிய மொழியில் வெளிவந்த 'எல் பாரோ' என்ற சிறு பத்திரிகை, 1948இலேயே இறந்தவர்களின் பெயர்களை அச்சிட்டிருந்தது. இறந்தவர் ஒருவரின் குடும்பத்தார் அந்த இதழைப் பாதுகாத்து வைத்திருந்தார்கள். நாடறிந்த பெரும் பத்திரிகைகளுக்கு எண்ணிக்கையாகப்பட்டவர்கள், தம் மொழிப் பத்திரிகைக்கு மனிதராகப்பட்டார்கள். சிறுபான்மை மக்களின் மொழியிலே பத்திரிகை எதற்கு என்று கேட்பவருக்கு இதைவிட வேறு விடை வேண்டுமா?

இறுதி ஆண்டுகள்

அந்தப் பாட்டை எழுதிய சில ஆண்டுகளில் தாயாரைக் கொன்ற நோய் வூடியையும் பற்றிற்று. ஹன்டிங்டன் நோய் என்பது அதன் பெயர். பெற்றோர் ஒருவருக்கு இருந்தால் பிள்ளைக்கு வரப் பாதிக்குப் பாதி வாய்ப்புண்டு. 1952இல் அவருக்கு இந்நோயென மருத்துவர் கண்டறிந்தனர். கிற்றார் பிடித்த கை கட்டுக்கடங்காது ஆடிற்று. பின்னர் நாவும் அடங்கிற்று. மருத்துவமனைகளில் ஆண்டுக்கணக்கிற் கிடந்தார். 1961இல் பொப் டிலன் என்ற 19 வயது இளைஞர் அவரைத் தேடிவந்து, அவருடைய பாட்டுகளை அவருக்கே பாடிக் காட்டினார். 1967ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் 3ஆம் திகதி, 55ஆம் வயதில், நியூயோர்க்கிலே வூடி காலமானார். அவருடைய இரண்டாவது மனைவி மார்ஜரி, அந்நோயாளருக்காகவும் ஆராய்ச்சிக்காகவும் இயக்கம் தொடங்கினார். 1993இல் நோய்க்குக் காரணமான மரபணு கண்டறியப்பட்டது. தாயைப் பைத்தியம் என்ற ஊரின் சொல்லுக்கும் அவ்வாறு ஒரு திருத்தம் வந்தது: அவர் பைத்தியமல்லர், நோயாளி.

அன்பர்களே! இந்தச் சபையில் இரு வகையினர் இருக்கிறீர்கள். பட்டியல் எழுதும் கையுடையோர் ஒரு சாரார்: எழுதுவினைஞர், ஆசிரியர், வைத்தியர், சட்டத்தரணி, நில அளவையாளர். பட்டியலில் எழுதப்படுவோர் மற்றச் சாரார்: வரட்சி நிவாரணத்துக்கும் விதைநெல்லுக்கும் கடனுக்கும் வரிசையில் நிற்கும் கமக்காரர். எழுதும் கைக்கு நான் சொல்வது ஒன்று: எண்ணிக்கையை எழுதுமுன் பெயரைக் கேளுங்கள், பிழையின்றி எழுதுங்கள். நம் நாட்டிலும் 1964இல், தேயிலை மலைகளிலே பிறந்து வளர்ந்த மக்களை 525,000 இந்தியாவுக்கு, 300,000 இலங்கைக்கு என்று இரு அரசுகள் எண்ணாற் பங்கிட்டன. அந்த எண்ணுக்குள்ளே எத்தனை தாயும் பிள்ளையும் பிரிந்தார்கள் என்பதை உடன்படிக்கை சொல்லாது. அவர்கள் பெயர் சொல்லிப் பாடிய பாட்டும் கதையுமே சொல்லும்.

வரிசையில் நிற்போருக்கும் ஒன்று சொல்வேன். உங்கள் ஊரிலே நெல் விதைக்கும்போதும், சூடு மிதிக்கும்போதும், பிள்ளை தாலாட்டும்போதும், ஒப்பாரி வைக்கும்போதும் பாடிய பாட்டை அறிந்த முதியோர் இருந்தால், இன்றே போய்க் கேட்டு எழுதி வையுங்கள். பாடியவரின் பெயரையும் சேர்த்து எழுதுங்கள். இந்த வாசிகசாலையின் அலுமாரியில் ஒரு தட்டை அதற்கென ஒதுக்குங்கள். நமக்கு நேர்ந்ததை நம் பெயரோடு சொல்லும் பாட்டு நம்மிடம் இல்லையானால், நம்மைப் பற்றிப் பிறர் எழுதும் எண்ணிக்கையே எஞ்சும்.

வூடி கத்ரி செய்தது பெரிய காரியமொன்றுமில்லை. பெயர் விடுபட்ட இடத்தில் நின்று, பெயர் எங்கே என்று கேட்டார். கேட்கத் துணிந்தோர் சிலரே. அந்தச் சிலருள் நாமும் இருப்போமாக.